மலையகத்தில் விஞ்ஞான வகுப்பு எங்கே?

கல்விப் பொதுத் தராதர சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாளில் நாடெங்கும் ஒரே கேள்வி எழுகின்றது. உயர்தரத்தில் எந்தப் பிரிவைக் கற்பது? கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் இக்கேள்விக்கு விடை கூறுபவர்கள் மாணவரும் பெற்றோருமாவர். மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் அக்கரப்பத்தனையிலும் பெரும்பாலும் விடை கூறுவது அருகிலுள்ள பாடசாலையின் தரமே. அங்கே கலைப்பிரிவு இருந்தால் மாணவன் கலை கற்பான். வர்த்தகப் பிரிவு இருந்தால் வர்த்தகம் கற்பான். இரண்டும் இல்லையேல் கொழும்பிலே ஒரு கடையிற் சிற்றாளாகச் சேருவான். விஞ்ஞானம் கற்க விரும்பும் பிள்ளை தன் விருப்பத்தை வெளியிற் சொல்லவும் கூசி, இருக்கும் பாடத்தை ஏற்றுக்கொள்கின்றது. "உனக்கு எது விருப்பம்?" என்று கேட்கவேண்டிய இடத்தில் "இங்கே எது இருக்கிறது?" என்று கேட்கவேண்டிய நிலையில் ஒரு சமுதாயத்தின் பிள்ளைகள் இன்றும் இருக்கின்றார்கள். இதனை நாம் இவ்வாரம் எடுத்துப் பேச விரும்புகின்றோம்.

இந்நிலை எவ்வாறு உண்டாகின்றது என்பதை முதலில் விளக்குதல் நன்று. எமது அரசாங்கப் பாடசாலைகள் நான்கு தரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. உயர்தரத்திலே விஞ்ஞானப் பிரிவையும் உடைய பாடசாலை 1ஏபி எனப்படும். கலையும் வர்த்தகமும் மட்டுமே உள்ள பாடசாலை 1சி. 11ஆம் வகுப்புடன் முடிவது 2ஆம் வகை. 5ஆம் வகுப்புடனோ 8ஆம் வகுப்புடனோ முடிவது 3ஆம் வகை. தோட்டங்களிலுள்ள பாடசாலைகளிற் பெரும்பாலானவை இறுதி இரண்டு வகைகளைச் சேர்ந்தவை. உயர்தரம் வரை வளர்ந்த சில பாடசாலைகளிலும் பல 1சி என்ற தரத்துடன் நின்றுவிட்டன. பௌதிகவியலையும் இரசாயனவியலையும் உயிரியலையும் இணைந்த கணிதத்தையும் தமிழ்மொழி மூலம் ஒழுங்காகக் கற்பிக்கும் பாடசாலைகளை நுவரெலியா மாவட்டத்திலே தேடித்தான் காணவேண்டும்.

நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறுடைய ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி அவற்றுள் ஒன்று. லயத்திற் பிறந்த பிள்ளைகள் மருத்துவ பீடத்துக்கும் பொறியியற் பீடத்துக்கும் செல்ல முடியும் என்பதை அக்கல்லூரி பலமுறை நிரூபித்திருக்கின்றது. ஆயினும் ஒரு கல்லூரி எத்தனை பள்ளத்தாக்குகளுக்குப் போதும்? அப்கொட்டிலிருந்தும் சாமிமலையிலிருந்தும் ஹட்டனுக்கு வர, தோட்டத்துப் பாதையில் இறங்கிப் பஸ்ஸுக்குக் காத்துநிற்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பஸ்ஸும் வருமென்று சொல்வதற்கில்லை. நகரில் விடுதியெடுத்துத் தங்கவோ பணம் வேண்டும். 2021ஆம் ஆண்டில் பெரும் போராட்டத்தின் பின்னரே 1,000 ரூபாயாகவும், 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபாயாகவும் உயர்ந்த நாட்சம்பளத்தில் வாழ்ந்த குடும்பம், விடுதிக்கும் பிரத்தியேக வகுப்புக்கும் எங்கிருந்து பணம் எடுக்கும்? இலவசக் கல்வி என்ற சொல், வகுப்பறை வாசலுக்கு நடந்து வரக்கூடிய பிள்ளைக்கே பொருளுடையது.

இந்தக் குறை தற்செயலாக நேர்ந்ததன்று. சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் அதன் வேரைக் காணலாம். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குவது தோட்டத்துரையின் கடமை என்று விதித்தது. விதிக்கும்போதே, 6 வயதுக்கும் 10 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் என்று எல்லையும் வகுத்தது. பத்து வயதுக்குப் பிறகு? பிரட்டுக் களமும் கொழுந்துக் கூடையும் காத்திருந்தன. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தாற் போதும், அதற்குமேற் கற்றால் மலையில் வேலை செய்ய ஆள் கிடைக்காது என்ற எண்ணம் அந்தச் சட்டத்தின் வரிகளுக்கிடையே மறைந்து கிடக்கின்றது.

1945ஆம் ஆண்டில் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. ஊர்கள்தோறும் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஏழை விவசாயியின் மகன் டாக்டரானான். ஆனால் தோட்டத்துப் பள்ளிக்கூடம் துரையின் பொறுப்பிலேயே விடப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எம் மக்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1947ஆம் ஆண்டில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952ஆம் ஆண்டில் ஒருவரையும் அனுப்ப இயலாதவராயினர். மீண்டும் தம் வாக்கினால் ஒரு பிரதிநிதியைத் தெரிவு செய்ய, 1977ஆம் ஆண்டில் தொண்டமான் அவர்கள் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியில் வெல்லும்வரை அவர்கள் காத்திருக்க நேர்ந்தது. நாட்டின் பாடசாலை அமைப்பு உருவாகி உறுதிபெற்ற கால் நூற்றாண்டும் இதுவே. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. 1975ஆம் ஆண்டில் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அவை படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. மற்றையோர் ஓட்டத்திற் பாதி தூரம் சென்ற பிறகே எம் பிள்ளைக்குத் தொடக்கக் கோடு காட்டப்பட்டது.

அதற்குப் பின் நிகழ்ந்த நன்மைகளை நாம் மறுக்கவில்லை. சுவீடன் நாட்டின் உதவியினால் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டிடங்கள் கிடைத்தன. ஆசிரியர் பயிற்சி கிடைத்தது. ஜெர்மனியின் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. 1947ஆம் ஆண்டு முதல் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியத்தின் மூலம் இந்தியா புலமைப்பரிசில் வழங்கி வருகின்றது. மலையகத்தில் இன்று ஆசிரியரும் அதிபரும் சட்டத்தரணியும் மருத்துவரும் விரிவுரையாளரும் தோன்றியிருக்கின்றார்கள். லயத்து விளக்கொளியிற் கற்று மேலே வந்தவர்கள் அவர்கள். ஆயினும், நூற்றுக்கணக்கானோர் கற்க வேண்டிய இடத்தில் ஒருசிலர் தப்பித்து மேலே வருவதைக் கண்டு பெருமை கொள்வதோடு நாம் நின்றுவிடலாகாது. தப்பித்து வந்தவரை எண்ணும் சமுதாயம், கீழே நின்றுவிட்டவரையும் எண்ணவேண்டும்.

இனி, விஷயத்தின் நடுநாடிக்கு வருவோம். பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளுக்குரிய இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதி வரிசைப்படியும், 55 வீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் குடித்தொகை விகிதப்படியும், மிகுதி 5 வீதம் கல்வியிற் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியா அவ்வாறு பின்தங்கியதென ஏற்றுக்கொள்ளப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. ஆகவே அம்மாவட்டத்து மாணவன் கொழும்பு மாணவனைவிடக் குறைந்த இஸட் புள்ளியுடன் மருத்துவ பீடத்துக்குச் செல்ல வழியுண்டு. சட்டம் திறந்து வைத்திருக்கும் இந்தக் கதவு எம்மவர்க்கு எவ்வளவு பயன்படுகின்றது?

2012ஆம் ஆண்டின் குடிக்கணக்கின்படி நுவரெலியா மாவட்ட மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். குடித்தொகை விகிதப்படி ஆசனங்கள் வகுக்கப்படும்போது, கொழுந்து பறிக்கும் தாயின் தலையும் கவ்வாத்து வெட்டும் தந்தையின் தலையும் எண்ணப்படுகின்றன. அந்த எண்ணிக்கையினால் மாவட்டத்தின் பங்கு கூடுகின்றது. ஆனால் அவர்களுடைய பிள்ளை கற்கும் பாடசாலையில் விஞ்ஞான வகுப்பு இல்லையாதலால் அந்தப் பங்கு வேறு கைகளுக்குப் போகின்றது. 1948ஆம் ஆண்டில் எம் மக்களின் தலைகளை எண்ணாமல் விட்டார்கள்; உரிமை போயிற்று. இன்று எண்ணுகின்றார்கள், ஆசனம் மட்டும் வந்து சேரவில்லை. முன்னையது சட்டத்தினால் நேர்ந்த அநீதி. பின்னையது சட்டம் ஒழுங்காயிருக்க, வகுப்பறை வெறுமையாயிருப்பதால் நேரும் அநீதி. நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்வதற்கு இரண்டாவதே கடினமானது. ஏனெனில் இங்கே எந்த விதியும் மீறப்படவில்லை.

வடக்குக் கிழக்கு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை கூறாமலிருக்க முடியாது. 1970களின் தரப்படுத்தல் உங்கள் பிள்ளைகளுக்கு இழைத்த தீங்கை நாம் மறக்கவில்லை. தகுதியிருந்தும் இடம் மறுக்கப்படுவதன் வேதனையை நீங்கள் அறிவீர்கள். மலையகத்துப் பிள்ளைக்கோ தகுதியை அடைவதற்கான வகுப்பே மறுக்கப்படுகின்றது. இந்த நிலையில், வெளிமாவட்டப் பெற்றோர் சிலர் குறைந்த வெட்டுப்புள்ளியை நாடித் தம் பிள்ளைகளை மலையகப் பாடசாலைகளிற் சேர்த்துப் பரீட்சைக்கு அனுப்புகின்றனர் என்ற முறைப்பாடு நெடுங்காலமாக எழுந்து வருகின்றது. சேர்க்கும் பெற்றோர் படித்தவர்கள், உத்தியோகத்தர்கள். விதியை அவர்கள் நன்கு அறிவார்கள். அவர்களுக்கு நாம் கூறுவது இதுதான்: நீங்கள் மீறாதது சட்டமாயிருக்கலாம்; ஆனால் நீங்கள் எடுப்பது ஏழைத் தொழிலாளியின் மகளுடைய இடம். தமிழருக்கு நீதி வேண்டுமென்று மேடையிற் கேட்பவர் எளிய தமிழனின் பங்கிற் கைவைக்கலாகாது. அனுமதி விதிகளை நடைமுறைப்படுத்தும் அதிகாரிகளும் வதிவிடத்தையும் பாடசாலைக் காலத்தையும் கண்டிப்பாகப் பரிசோதித்தல் வேண்டும்.

விஞ்ஞான வகுப்புக் கேட்கும்போதெல்லாம் சில சமாதானங்கள் சொல்லப்படுகின்றன. போதிய மாணவர் இல்லை என்பது ஒன்று. வகுப்பு இல்லாத இடத்தில் மாணவர் எங்ஙனம் திரள்வர்? சாதாரண தரத்திற் கணிதமும் விஞ்ஞானமும் சித்தியடைந்தோர் குறைவு என்று கணக்குக் காட்டுகின்றனர். 6ஆம் வகுப்பிலிருந்தே கணித ஆசிரியர் இல்லாமலும், விஞ்ஞான பாடத்தை வேறு பாட ஆசிரியர் பார்த்துக்கொண்டும் இருந்த பாடசாலையில் அந்தச் சித்தி எங்கிருந்து வரும்? பாத்தியில் நீர் பாய்ச்சாமல் விளைச்சலைக் குறைகூறும் கமக்காரனை நாம் கண்டதில்லை. கல்வி நிருவாகத்தில் மட்டும் அத்தகையோரைக் காண்கின்றோம்.

ஆசிரியர் இல்லை என்பது மற்றொரு சமாதானம். இது ஓரளவு உண்மை. ஆனால் இந்தக் குறையும் மனிதர் செய்ததே. சில ஆண்டுகளுக்கு முன் தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறையை நீக்கவென 3,000க்கு மேற்பட்ட ஆசிரிய உதவியாளர் பதவிகள் ஏற்படுத்தப்பட்டன. உயர்தரம் சித்தியடைந்த இளைஞரும் யுவதிகளும் முதலில் மாதம் 6,000 ரூபாய்க்கும் பின்னர் 10,000 ரூபாய்க்கும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார்கள். அவர்களுடைய சேவையை நாம் மதிக்கின்றோம். எனினும், கலைப்பிரிவிற் கற்ற ஒருவரை உதவியாளராக நியமிப்பதனால் உயர்தர இரசாயனவியல் வகுப்பைத் தொடங்க முடியாது. அதற்கு விஞ்ஞானப் பட்டதாரி வேண்டும். மலையகத்தில் விஞ்ஞானப் பட்டதாரிகள் குறைவு. ஏனெனில் விஞ்ஞான வகுப்புக் குறைவு. வகுப்புக் குறைவு, ஏனெனில் பட்டதாரிகள் குறைவு. செக்கு மாடு சுற்றுவது போன்ற இந்தச் சுற்றை அரசாங்கமே ஓரிடத்தில் நிறுத்தவேண்டும். வெளியிலிருந்து ஆசிரியரை வருவித்து, தங்குமிடமும் கஷ்டப் பிரதேசப் படியும் கொடுத்து, ஐந்தாண்டு அங்கேயே நிற்கச் செய்தால், அடுத்த தலைமுறையின் ஆசிரியர் அந்த மண்ணிலேயே முளைப்பர். நியமனம் பெற்ற மறுவருடமே செல்வாக்கினால் இடமாற்றம் பெற்றுச் செல்லும் வழக்கத்தை முடிக்காமல் எத்தனை பேரை நியமித்தாலும் ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்த கதையாகவே முடியும்.

"தோட்டத்துப் பிள்ளைக்கு விஞ்ஞானம் எதற்கு?" என்று வெளிப்படையாகக் கேட்பவர் இன்று இல்லை. மனத்துக்குள் கேட்பவர் உண்டு. அவர்கள் தலவாக்கலைக்குச் சென்று பார்க்கட்டும். 1925ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் அங்கே சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கின்றது. மண்ணின் புளிப்பும் பூச்சியின் வாழ்வும் கொழுந்தின் இரசாயனமும் அங்கே ஆராயப்படுகின்றன. அதே நகரில் 2012ஆம் ஆண்டு முதல் மேல் கொத்மலை நீர்மின் நிலையத்தின் அணை நிற்கின்றது. லக்ஷபானவும் காசல்ரீயும் மவுஸ்ஸாகலையும் இந்த மலைகளின் நீரிலிருந்தே நாட்டுக்கு ஒளி கொடுக்கின்றன. தேயிலையை ஆராயும் விஞ்ஞானமும் நீரை மின்னாக்கும் விஞ்ஞானமும் எம் மக்களின் வாசலில் வந்து குடியிருக்கின்றன. அந்த வாசலைத் தாண்டி உள்ளே செல்லும் படிப்பு மட்டும் எம் பிள்ளைக்குத் தூரமாயிருக்கின்றது.

விவசாய வாசகர்களும் இதனை அயலவர் விவகாரமென்று தள்ளிவிடலாகாது. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது நெல் வயலும் உருளைக்கிழங்குத் தோட்டமும் தேயிலை மலையும் ஒருங்கே வாடின. மண்ணையும் பயிரையும் அறிந்த கமக்காரன் மகன், தொழிலாளி மகள், விஞ்ஞானம் கற்று விவசாய நிருவாகத்தின் மேசைகளில் அமர்ந்திருந்தால் அந்தத் தீர்மானத்தின் விளைவு எடுப்பதற்கு முன்பே உரக்கச் சொல்லப்பட்டிருக்கும். உயர்தரத்தில் 2013ஆம் ஆண்டில் தொழில்நுட்பப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. அதன் உயிர்முறைமைத் தொழில்நுட்பப் பாடம், மண்ணோடும் பயிரோடும் வாழும் பிரதேசத்துக்கென்றே வகுத்ததுபோல் இருக்கின்றது. அதனையாவது தேயிலை நாட்டின் பாடசாலைகள்தோறும் பரப்பியிருக்க வேண்டாமா?

சட்டம் என்ன சொல்கின்றது என்று கேட்பீர்கள். அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, எல்லா மட்டத்திலும் கல்வியைப் பெறச் சமமான வாய்ப்பு யாவர்க்கும் உறுதிசெய்யப்பட வேண்டுமென்று அரசுக்கு வழிகாட்டுகின்றது. 29ஆம் உறுப்புரை, அந்த வழிகாட்டலை நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாதென்று கூறிவிடுகின்றது. எனினும் 12ஆம் உறுப்புரையின் சமத்துவ உரிமை உயிரோடிருக்கின்றது. பாடசாலை அனுமதி பற்றிய வழக்குகளில் அதனை உயர் நீதிமன்றம் பலமுறை கவனத்திற் கொண்டுள்ளது. ஆயினும் வகுப்பறையைக் கட்டுவது வழக்கு அன்று. வரவு செலவுத் திட்டம். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்துக்குப் பின் பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபைகளின் பொறுப்பிலும், தேசியப் பாடசாலைகள் மத்திய அரசின் பொறுப்பிலும் இருக்கின்றன. கொழும்பைக் கேட்டால் கண்டியைக் காட்டுவதும், கண்டியைக் கேட்டால் கொழும்பைக் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. இருவர் வீட்டு விருந்தாளி பட்டினி கிடந்த நிலையே மலையகக் கல்வியின் நிலை.

ஆகவே எமது கோரிக்கைகளைத் தெளிவாக முன்வைக்கின்றோம். நுவரெலியா, ஹட்டன், வலப்பனை, ஹங்குராங்கெத்த, கொத்மலை ஆகிய ஐந்து கல்வி வலயங்களிலும், எந்தத் தோட்டத்துப் பிள்ளையும் சென்று சேரக்கூடிய தூரத்தில், தமிழ்மொழி மூலம் விஞ்ஞானமும் கணிதமும் தொழில்நுட்பமும் முழுமையாகக் கற்பிக்கும் பாடசாலைகள் அமைதல் வேண்டும். பெயரளவில் 1ஏபி என்று தரமுயர்த்தி ஆய்வுகூடமும் ஆசிரியருமின்றி விடுவதைத் தரமுயர்வென்று நாம் ஏற்கமாட்டோம். தூரத்துத் தோட்டங்களின் பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு, அப்பாடசாலைகளுடன் இலவச விடுதி வேண்டும். அவற்றுக்குப் பிள்ளைகளை அனுப்பும் 2ஆம் வகைப் பாடசாலைகளில் 6ஆம் வகுப்பு முதலே கணித, விஞ்ஞான ஆசிரியர் இருத்தல் வேண்டும். எந்தப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்ற விபரத்தை மாகாணக் கல்வித் திணைக்களம் ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிடுதல் வேண்டும். மறைத்து வைக்கும் வெற்றிடத்தை எவரும் நிரப்புவதில்லை.

மலையகத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்ற குரல் தேர்தல்தோறும் கேட்கின்றது. அதற்கு நாம் எதிரியல்லோம். ஆனால் அப்பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் யார் அமரப் போகிறார்கள்? அத்திவாரமின்றி எழும்பும் மாடியில் மற்றவர் வந்து குடியிருப்பர்; எம் பிள்ளைகள் அதன் முற்றம் பெருக்குவர். முதலில் வகுப்பு, அதன்பின் பீடம். அடிக்கல் நாட்டும் விழாவுக்கு வரும் தலைவர்களிடம், "இந்த வலயத்தில் இரசாயனவியல் ஆசிரியர் எத்தனை பேர்?" என்று கேட்கும் துணிவு வாக்காளருக்கு வரவேண்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு கடமையுண்டு. சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் காட்டும் வேகத்தை வகுப்பறைக்கும் காட்டவேண்டும். நாட்சம்பளத்தில் ஏறும் ரூபாயை விலைவாசி விழுங்கிவிடும்; பிள்ளை பெற்ற கல்வியை எவரும் விழுங்க முடியாது. மலையகத்திலிருந்து உயர்ந்து இன்று கொழும்பிலும் கடல் கடந்தும் வாழும் படித்தவர்கள், தாம் கற்ற பாடசாலைக்கு ஓர் ஆய்வுகூடத்தையோ ஓர் ஆசிரியரின் தங்குமிடத்தையோ அளிக்கலாம். அது அரசின் கடமைக்கு ஈடாகாதெனினும் அரசை வெட்கப்படச் செய்யும்.

2023ஆம் ஆண்டில், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பெருந்தொகையானோர் நடந்து சென்றார்கள். முன்னோர் பசியோடும் நோயோடும் நடந்த அதே திசையில் பேரர்கள் உரிமை கேட்டு நடந்தார்கள். அந்த நடையின் மிகுதித் தூரம் மாத்தளையில் முடியவில்லை. லயத்து வாசலிலிருந்து விஞ்ஞான ஆய்வுகூடத்தின் வாசல்வரை உள்ள தூரம் இன்னும் நடக்கப்படாமற் கிடக்கின்றது. அதனைக் குறுக்குவது அரசாங்கத்தின் கடமை. குறுக்கும்வரை விடாது கேட்பது எமது கடமை. அடுத்த பெறுபேறுகள் வெளியாகும் நாளில் மஸ்கெலியாவின் பிள்ளையிடமும், "உனக்கு எது விருப்பம்?" என்று கேட்கப்படுதல் வேண்டும். அதற்குக் குறைந்த எதனையும் சமத்துவம் என்று நாம் ஏற்கமாட்டோம்.